ஆண்டெனாவில் பாதி உங்கள் வண்டி

வண்டிக்கு வண்டி பேச உதவும் சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஆண்டெனா வாங்கட்டும்?" என்பதைத்தான். "வண்டியில் எங்கே வைப்பதாக இருக்கிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ரேடியோவை எங்கே பொருத்துவது, மைக்கை எங்கே மாட்டுவது என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். ஆண்டெனாவைக் கடைசியில் ஏதாவது ஓரிடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருப்பார்கள்.

வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. முதலில் இடம், பிறகு அந்த இடம் தாங்கக்கூடிய நீளம், அதற்கப்புறம்தான் ஆண்டெனாவின் பெயரும் மாடலும். கடையில் நீங்கள் வாங்குவது ஆண்டெனாவின் ஒரு பாதியை மட்டும். மறுபாதி உங்கள் வண்டியின் தகடு.

சி.பி. இயங்குவது 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அமெரிக்காவில் 1958-இல் இந்த அலைவரிசையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1977-இல் 23 சேனல்கள் 40 ஆயின. 26.965-இல் தொடங்கி 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் அதே 40 சேனல்கள் ஐரோப்பாவிலும் புழங்குகின்றன. இங்கே அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். வண்டியில் வைக்கும் ஆண்டெனா இயல்பாக வேலை செய்ய அதில் கால் பங்கு வேண்டும், அதாவது 2.7 மீட்டர் கம்பி. லாரி ஓட்டுநர்கள் இன்றும் பெருமையாகப் பேசும் 102 அங்குல ஸ்டீல் விப் இதுதான். அடியில் ஒரு ஸ்பிரிங் சேர்த்தால் கால் அலை நீளம் வந்துவிடும். இதை மிஞ்சிய வண்டி ஆண்டெனா ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியாது. ஆனால் காரின் கூரையில் இதை வைத்தால் தரையிலிருந்து நாலு மீட்டரைத் தாண்டிவிடும். மரக்கிளை, பாலம், பார்க்கிங் கூரை எல்லாவற்றிலும் அடிபடும். அதனால் பம்பருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பம்பருக்கு இறங்கினால் வேறொரு விலை கொடுக்க வேண்டும்.

அந்த விலை என்னவென்று புரிய, வண்டித் தகடு செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். கம்பியில் மேலேறும் மின்னோட்டத்துக்கு ஈடாக, கேபிளின் வெளிக்கூடு வழியாக அதே அளவு மின்னோட்டம் வேறொரு உலோகப் பரப்புக்குள் பாய்ந்தாக வேண்டும். அந்தப் பரப்புதான் கிரவுண்ட் பிளேன். கூரையின் நடுவில் கம்பி நின்றால் நாலாபக்கமும் தகடு விரிந்திருக்கிறது, மின்னோட்டம் சமமாகப் பரவுகிறது, ஒலிபரப்பும் எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய சமமாகப் போகிறது. பின்பக்க இடது மூலையில் நிறுத்தினால், தகடு முழுக்க முன்னாலும் வலப்பக்கமும்தான் இருக்கிறது. சிக்னலும் அந்த மூலைவிட்டத்தை ஒட்டி, முன்வலப் பக்கம்தான் ஓங்கி நிற்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. திறந்த மைதானத்தில் வண்டியை நிறுத்தி, தூரத்தில் நகராமல் நிற்கும் ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, வண்டியை மெல்ல ஒரு வட்டம் சுற்றுங்கள். பின்மூலையில் ஆண்டெனா உள்ள வண்டியில், வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரின் முள் ஏறி இறங்குவது தெளிவாகத் தெரியும். கூரை நடுவில் வைத்த வண்டியில் முள் அதிகம் அசையாது. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் நண்பரோடு மட்டும் பேசுகிறவருக்குப் பின்மூலை ஒரு குறையே இல்லை. கூட்டமாகப் போகும்போது முன்னால் நாலு வண்டி, பின்னால் நாலு வண்டி என்றிருந்தால்தான் வருத்தம்.

இனி நீளம். இந்த விஷயத்தில்தான் விளம்பரங்கள் அதிகம் குழப்புகின்றன. நான் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

கால் அலையைவிடக் குட்டையான கம்பியை அப்படியே மாட்டினால் 27 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருந்தாது. விட்டுப்போன நீளத்தை ஈடுகட்ட ஒரு காயில் (கம்பிச்சுருள்) சுற்றிச் சேர்க்கிறார்கள். காயில் சேர்த்ததும் ரேடியோவுக்கு அது சரியான ஆண்டெனாவாகத் தெரிகிறது. ஆனால் காயில் அலையை வீசாது. அலையை வீசுவது கம்பி. வீசும் திறனை அளக்க ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் என்றொரு கணக்கு உண்டு. முழுக் கால் அலைக் கம்பிக்கு அது சுமார் 36 ஓம். அடியில் காயில் வைத்த ஒன்றரை மீட்டர் கம்பிக்கு 7 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு மீட்டருக்கு 3 ஓம். 60 சென்டிமீட்டர் குட்டைக் கம்பிக்கு 1 ஓமைச் சற்றே தாண்டும். நீளம் பாதியானால் இந்த எண் நாலில் ஒன்றாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

காயிலிலும் வண்டித் தகட்டிலும் வெப்பமாக வீணாகும் பங்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கணக்குக்காக அதை எல்லா ஆண்டெனாவுக்கும் பொதுவாக 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளில் ஏ.எம்.மிலும் எஃப்.எம்.மிலும் அனுப்பும் பவருக்கு வரம்பு 4 வாட். அந்த 4 வாட்டில் கால் அலைக் கம்பி 3 வாட்டுக்கு மேல் வெளியே வீசும். ஒன்றரை மீட்டர் கம்பி சுமார் 1.7 வாட். ஒரு மீட்டர் கம்பி ஒரு வாட்டை ஒட்டி. 60 சென்டிமீட்டர் கம்பியோ அரை வாட்டைக்கூடத் தொடாது. மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். வாட் கணக்கில் பயமுறுத்தும் இந்த வித்தியாசம் காதில் அவ்வளவு பெரிதாகக் கேட்காது. எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி ஏறவே நாலு மடங்கு பவர் வேண்டும். கால் அலைக்கும் ஒரு மீட்டர் கம்பிக்கும் இடையில் ஒரு புள்ளிகூட முழுசாக வித்தியாசம் வராது. ஒன்றரை மீட்டருக்கும் கால் அலைக்கும் அரைப் புள்ளிதான். கூட வரும் வண்டிகளோடு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் பேச ஒரு மீட்டர் போதும். சிக்னல் தேய்ந்து, பின்னணி இரைச்சலோடு ஒன்றிப்போகும் எல்லையில்தான் அந்த அரைப் புள்ளி வார்த்தையைக் காப்பாற்றும்.

குட்டை ஆண்டெனா வைத்திருப்பவர்கள் "எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்கிறதே" என்பார்கள். உண்மைதான், கேட்கும். 27 மெகாஹெர்ட்ஸில் காதில் விழும் இரைச்சல் பெரும்பாலும் வெளியிலிருந்து ஆண்டெனா வழியாக வருவது. ஆண்டெனா குட்டையானால் எதிராளியின் குரலும் அந்த இரைச்சலும் சேர்ந்தே குறைகின்றன. ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அதிகம் மாறாததால் குரல் புரிந்துவிடுகிறது. அனுப்பும்போது இந்தச் சலுகை கிடையாது. குறைந்தது குறைந்ததுதான். எல்லோரும் பேசுவது இவருக்குக் கேட்கும், இவர் பேசினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ரேடியோவில் கோளாறு என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் கம்பியின் நீளத்தைப் பார்க்கலாம்.

காயில் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு முடிவில்லாத சண்டை உண்டு. அடியில் வைத்தால் கட்டுறுதி அதிகம், மேலே மெல்லிய கம்பி மட்டும் காற்றில் வளையும், கூரையில் ஒட்டும் காந்த அடித்தளத்துக்கு ஏற்றது. நடுவிலோ உச்சியிலோ வைத்தால், மின்னோட்டம் கம்பியின் கூடுதல் நீளத்துக்கு வலுவாக இருக்கும், வீச்சு கூடும். ஆனால் அங்கே காயிலுக்குச் சுற்றுகள் அதிகம் வேண்டும், அதன் இழப்பும் கூடும், உச்சியில் எடை ஏறிக் காற்றில் ஆடும். என் தீர்ப்பு வண்டியைப் பொறுத்தது. கார் கூரைக்கு அடிக்காயில் போதும். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தாங்கும் கம்பியிலோ பிக்கப்பின் பின்பெட்டி ஓரத்திலோ மாட்டுவதானால், உச்சிப்பக்கம் நெருக்கமாகச் சுற்றிய ஃபைபர் கிளாஸ் தடிதான் சரி. அந்த இடங்களில் ஆண்டெனாவின் கீழ்ப்பாதி கேபினை உரசிக்கொண்டு நிற்கும். காயில் அங்கே இருந்தால் பக்கத்துத் தகடு அதைக் கெடுத்துவிடும். எந்த வகையானாலும் காயில் கூரை மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கம்பியிலும் மூன்றில் ஒரு பங்காவது கூரையைத் தாண்டி நிற்கட்டும்.

ஆயிரக்கணக்கான வாட் தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து யாரும் வாங்க வேண்டாம். 4 வாட் அனுப்பும் ரேடியோவுக்கு அந்த எண்ணால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தடித்த கம்பியில் சுற்றிய காயில் இழப்பைக் குறைக்கும் என்பது மட்டும் மெய்.

காந்த அடித்தளத்தைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன். பெயின்டுக்கு மேலேயே உட்கார்ந்தாலும், அடித்தளத்தின் உலோகமும் கூரைத் தகடும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர் ஆகிவிடுகின்றன. 27 மெகாஹெர்ட்ஸ் அதன் வழியே கடந்துவிடும். அடித்தளம் அகலமானால் இந்த இணைப்பு பலப்படும். சிறிய காந்தத்துக்கும் பெரிய காந்தத்துக்கும் பிடிப்பில் மட்டுமல்ல, மின்சாரத்திலும் வித்தியாசம் இருக்கிறது. எதையும் துளையிடாமல் கூரையின் நட்ட நடுவைப் பிடிக்க இதைவிட நல்ல வழியில்லை. காரோட்டுகிற பெரும்பாலானோருக்கு, பெரிய காந்தத்தில் நிற்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் அடிக்காயில் கம்பியைத்தான் சொல்வேன். வில்சன் 1000 அந்த வகையில் பேர்போனது. கழுவும்போதெல்லாம் காந்தத்தைத் தூக்கி அடியைத் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், பெயின்ட் கீறிவிடும். இழுத்து நகர்த்தாமல் நேராகத் தூக்க வேண்டும்.

வாங்கும் முன் கூரையில் ஒரு சிறிய காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். அலுமினிய உடலில் ஒட்டாது. ஃபோர்டின் எஃப்-150 பிக்கப் 2015 மாடலிலிருந்து அலுமினிய உடலோடுதான் வருகிறது. அலுமினியம் நல்ல கிரவுண்ட் பிளேன்தான், பிராக்கெட் போட்டு முறுக்கிவிட்டால் அருமையாக வேலை செய்யும். ஃபைபர் கிளாஸ் உடலும் கண்ணாடிக் கூரையும்தான் உண்மையான சிக்கல். அவற்றுக்கென்றே கிரவுண்ட் பிளேன் வேண்டாத ஆண்டெனா செட் உண்டு. அதோடு வரும் கேபிளையே அது தன் மறுபாதியாக வைத்துக்கொள்கிறது. அந்தக் கேபிளை வெட்டக் கூடாது, வேறொன்றால் மாற்றவும் கூடாது. சாதாரண உலோக வண்டிக்கு இந்த செட்டை வாங்கினால் நஷ்டம்தான்.

பிராக்கெட் பற்றி ஒரு நண்பரின் பிக்கப்பை வைத்துச் சொல்கிறேன். பின்பெட்டியின் ஓரத்தில் ஒரு பிராக்கெட், அதில் தரமான ஃபைபர் கிளாஸ் தடி. எல்லாச் சேனலிலும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா எவ்வளவு பவரைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு, 1-க்கு அருகில் இருப்பது நல்லது) 3-க்கு மேலே. அவர் ஆண்டெனாவை மாற்றிப் பார்த்தார், கேபிளை மாற்றிப் பார்த்தார், முள் இறங்கவில்லை. நான் போய்ப் பிராக்கெட்டின் போல்ட்டைக் கழற்றினேன். கறுப்புப் பவுடர் கோட்டிங் பிராக்கெட்டில் ஒரு படலம், பெட்டியில் பெயின்ட் இன்னொரு படலம். இரண்டுக்கும் நடுவில் உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிராக்கெட்டிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தால் எண் நிலைகொள்ளாமல் ஓடியது. போல்ட் துளையைச் சுற்றி வாஷர் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்ததும் பல்வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு முறுக்கி, துருப்பிடிக்காமலிருக்க மேலே கிரீஸ் தடவினேன். பெட்டி சேஸிஸ் மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருந்ததால், பெட்டியிலிருந்து கேபினுக்கு ஒரு பட்டையான பின்னல் கம்பியையும் இழுத்துவிட்டோம். மறுபடி அளந்தபோது முள் ஒன்றரைக்குக் கீழே நின்றது. ஆண்டெனா, கேபிள் இரண்டும் அதேதான்.

மல்டிமீட்டரால் இன்னொரு வீண்பயமும் வரும். ஆண்டெனாவை மாட்டிய நிலையில் கேபிள் கனெக்டரின் நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே அளந்தால் சில ஆண்டெனாக்கள் ஷார்ட் என்று காட்டும். அடிக்காயில் ஆண்டெனாக்கள் பலவற்றில் காயிலின் ஒரு முனை கிரவுண்டோடு சேர்ந்தே இருக்கும். நேர்மின்சாரத்துக்கு அது ஷார்ட், 27 மெகாஹெர்ட்ஸுக்கு இல்லை. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேபிளை மட்டும் அளந்தால்தான் கேபிளின் உண்மை தெரியும்.

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது, அனுப்பிய பவரில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதன் அளவு. 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது. 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம், ரேடியோவின் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து தொடங்கும் இடம். 1.5-க்குக் கீழே வந்தபின் 1.1-க்கு இழுக்க மணிக்கணக்கில் போராடுவதை நான் ஆதரிப்பதில்லை. காதுக்கு அது தெரியவே தெரியாது. எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதால் ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆண்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு (பவரைச் சூடாக்கி விழுங்கும் சோதனை ரெசிஸ்டர்) ஒன்றை மாட்டினால் மீட்டர் 1.0 காட்டும், ஒரு சொட்டு அலைகூட வெளியே போகாது. நல்ல தகட்டின் மேல் நிற்கும் முழுக் கால் அலைக் கம்பியோ 36 ஓம் என்பதால் 1.4 காட்டும். 1.0 காட்டும் குட்டைக் கம்பியைவிட அது எவ்வளவோ மேல்.

அளக்கும் முறை சுலபம். சுவரும் வேறு வண்டிகளும் இல்லாத திறந்தவெளியில் நிறுத்தி, கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் மூடிவிட்டு, மீட்டரை ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டுங்கள். 1, 20, 40 ஆகிய சேனல்களில் அளவெடுங்கள். ஒவ்வொரு சேனலிலும் மீட்டரை முதலில் முழு அளவுக்குச் சரிசெய்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். 40-இல் அதிகம், 1-இல் குறைவு என்றால் கம்பி நீளம், குறைக்க வேண்டும். 1-இல் அதிகம் என்றால் குட்டை, நீட்ட வேண்டும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு மூன்று மில்லிமீட்டராக. மூன்று சேனலிலும் ஒரேமாதிரி 3-க்கு மேல் நின்றால் கம்பியைத் தொடாதீர்கள், பிராக்கெட்டையும் கனெக்டரையும் பாருங்கள். பிரிட்டனில் 1981-இல் தந்த 27.601 முதல் 27.991 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தனிச் சேனல்களையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மிகக் குட்டையான கம்பி அவ்வளவு அகலத்தைத் தாங்காது. 1977-க்கு முந்தைய 23 சேனல் ஆண்டெனா கைமாறி வந்தாலும் முதலில் 40-ஆம் சேனலில் அளந்து பார்த்துவிடுங்கள்.

கேபிள் சரியாக 18 அடி இருக்க வேண்டும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். ஆண்டெனாவும் தகடும் ஒழுங்காக இருந்தால் ஒற்றை ஆண்டெனாவுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. நீளத்தை மாற்றினால் எஸ்.டபிள்யூ.ஆர். தாவுகிறது என்றால் கேபிள் வெளிக்கூட்டின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். கிரவுண்ட் போதவில்லை. 18 அடி ஆர்.ஜி.-58 கேபிளில் போகும் இழப்பு 4 வாட்டில் அரை வாட்டுக்கும் குறைவு. மிச்சக் கேபிளை இறுக்கமான வளையமாகச் சுருட்டாமல், தளர்வாக எட்டு போட்டுக் கட்டிவையுங்கள். கதவிடுக்கில் நசுங்காத வழியாகக் கொண்டுவாருங்கள். நசுங்கிய கேபிள் பல மாதம் கழித்துத்தான் தொல்லை கொடுக்கும்.

இரட்டை ஆண்டெனா காருக்கு வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் கால் அலை, அதாவது 2.7 மீட்டர் இடைவெளி இருந்தால்தான் முன்னும் பின்னும் வீச்சு கூடும். காரின் அகலம் அதற்குப் பற்றாது. பெரிய லாரியின் இரு கண்ணாடிகளில் மாட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு 75 ஓம் கேபிளில் செய்த தனி ஹார்னஸ் (இரண்டு ஆண்டெனாவையும் ரேடியோவோடு இணைக்கும் கேபிள் ஜோடி) வேண்டும். சாதாரண 50 ஓம் கேபிளை இரண்டாகப் பிரித்து ஒட்டினால் நடக்காது.

ஆண்டெனா சரியானபின் மிஞ்சுவது இரைச்சல். எஞ்சினை நிறுத்தியதும் போய்விடுகிறது என்றால் ஆல்டர்னேட்டரோ இக்னிஷனோ காரணம். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பினாலே வருகிறது என்றால் பெட்ரோல் பம்பையும் சார்ஜர்களையும் எல்.ஈ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பானெட், டிக்கி, புகைக்குழாய் மூன்றையும் பின்னல் கம்பியால் உடலோடு இணைத்தால் இரைச்சல் கணிசமாகக் குறையும். கிரவுண்ட் பிளேனும் உறுதியாகும். ரேடியோவுக்கான கரன்ட்டை ஃபியூஸ் போட்டு நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும் தரையிலிருந்து ஆண்டெனாவின் நுனிவரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். நீண்ட விப் வைத்திருப்பவர்கள் தாழ்வாகப் போகும் மின்கம்பியின் அருகே வண்டியை நிறுத்தவே கூடாது. அதன் கீழே ஆண்டெனாவை நிமிர்த்துவதும் கழற்றுவதும் உயிருக்கே ஆபத்து. வெளியே இருக்கும், கேபிள் முனையிலுள்ள பி.எல்.-259 கனெக்டரில் தண்ணீர் இறங்காதபடி ரப்பர் டேப் சுற்றி, அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கனெக்டர் வழியே புகுந்த ஈரம் கேபிளின் வெளிக்கூட்டுப் பின்னலை ஒட்டியே உள்ளே ஊர்ந்து செம்பைக் கறுக்கவைக்கும். மழைக்காலம் முடிந்தவுடன் எஸ்.டபிள்யூ.ஆரை இன்னொரு முறை அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிட்டால் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதனால் முதல்நாள் 1, 20, 40 சேனல்களில் வந்த மூன்று எண்களையும் அதே ஒட்டுச்சீட்டில் எழுதிவையுங்கள்.